பூசணம் சுரண்டுகிறவன்

ஜஹ்ராவில் வெயில் நாற்பத்தெட்டு டிகிரி.
என் பிழைப்பு மட்டும் ஈரத்தில்.

ஏசி குழாய்க்குள் தலையை நுழைத்து
டார்ச் அடித்தால்
கறுப்பாய், சாம்பலாய், மூலையில் கிளிப்பச்சையாய்
பூத்துக் கிடக்கும்.
பூத்தது என்றுதானே சொல்கிறோம் நாம்.
மல்லிகைக்கும் அதே வினைச்சொல்,
மூடி சரியாகப் போடாத ஊறுகாய்க்கும் அதே வினைச்சொல்.
சூப்பர்வைசர் குரியனுக்கு
இதெல்லாம் சொல்லி ஆகாது.
‘சுரண்டு’ என்பார்.
சுரண்டுவேன்.
வில்லா ஒன்றுக்கு மூன்றரை மணி நேரம்,
குளோரின் அரை வாளி.

போன வருஷம் நெஞ்சில் சளி கட்டி
பதினோரு நாள் படுத்தேன்.
மாத்திரைப் பட்டையைக் கையில் வைத்தபடி
மருந்துக் கடைக்காரர் கேட்டார்,
என்ன வேலை?
சொன்னேன்.
சிரித்துவிட்டார்.
இந்த மருந்தின் பாட்டன் ஒரு பூசணம்தான் என்றார்.
பகலெல்லாம் நான் விரட்டிய குடும்பத்தின் பங்காளி
ராத்திரி வந்து
என் நெஞ்சுக்குள் காவல் இருந்தான்.
நன்றி சொல்ல வேண்டுமென்றால்
யாரிடம் சொல்வது,
எந்தக் குழாயில்?

ஸால்மி ரோட்டில் ஓர் ஆடு.
லாரி அடித்ததாக இருக்கும்.
மே மாதம் பார்த்தேன்.
ஆகஸ்டில் பார்த்தேன்.
அடுத்த மே மாதமும்
அதே காது, அதே மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை,
தோல் முரசுபோல் விறைத்து.
செத்துப்போன ஒன்று
செத்து முடிக்காமல் கிடந்தது.
அழுகல் என்றால் மூக்கைப் பொத்துகிற நான்
வண்டியின் ஜன்னலோரம் இருந்து
அழுகலுக்கு ஏங்கினேன்.
மட்க வைக்க ஆளில்லாவிட்டால்
உதிர்ந்த இலையெல்லாம் உதிர்ந்தபடி,
விழுந்த மரமெல்லாம் விழுந்தபடி,
உலகமே ஒரு கிடங்கு.
புதிதாய் ஒரு புல் முளைக்கவும் இடமிருக்காது.

அக்டோபர் கடைசியில் இடியோடு மழை.
ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை
மொக்லெஸ் என்னை மணலுக்குள் கூட்டிப்போனான்.
சில்ஹெட்டுக்காரன், செருப்பைக் கழற்றிவிட்டான்.
குனிந்து தேடுகிற ஆள் இல்லை அவன்,
காலால் தேடினான்.
ரக்ரூக் செடியின் பக்கத்தில்
தரை ரொட்டிபோல் உப்பி வெடித்திருந்தது.
விரலை விட்டு நோண்டினான்:
ஃபக்கா.
உருளைக்கிழங்கு என்று சொன்னால் நம்பலாம்,
ஆனால் வேரில்லை, முளைக்கண் இல்லை.
இடி பெற்ற பிள்ளை என்கிறார்கள் இங்கே.
எங்கள் பக்கமும் இடிக்குத்தான் காளான்.
இரண்டு ஊருக்கும் ஒரே பொய்,
அல்லது ஒரே உண்மை.

மண்ணுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத நூலாய்,
வேர் எட்டாத ஈரத்தை அது எட்டிப் பிடித்து
செடிக்குத் தருமாம்.
செடி இனிப்பைத் திருப்பித் தருமாம்.
நடுவில் ஏஜென்ட் கிடையாது என்று சொல்லிவிட்டு
மொக்லெஸ் தானே சிரித்தான்.
விசாவுக்கு அவன் விற்ற நிலம்
இன்னும் அவன் பேச்சில் வரும்.

எட்டு கிடைத்தன. ஆறை அவன் சந்தையில் விற்றான்.
இரண்டை வெங்காயம் போட்டு வதக்கி
ஈரானி ரொட்டியில் வைத்துத் தின்றோம்.
ரொட்டியை உப்ப வைத்ததும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான்.
பல்லில் மணல் நறநறத்தது.
மழை விழுந்த முதல் நிமிஷத்தின் ருசி.

மார்ச்சில் மறுபடி வில்லாக்கள்.
ஒரு வீட்டில் சின்னப் பெண், இழுப்பு.
கையில் நீலப் பம்பு.
ஆகவே இரக்கம் பார்க்கவில்லை,
மடிப்பு மடிப்பாய்ச் சுரண்டினேன்.
இங்கே உனக்கு வேலை இல்லை,
வேலை இருக்கிற இடத்தை நான் காட்டுகிறேன்.

திரும்புகிற வழியில் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.
மூத்திரம் என்று நினைத்தார்கள்.
கறுத்த வாளியைத் தூக்கிப்போய்
ஆட்டின் மேல் ஊற்றினேன்.
குளோரின் பட்டது பிழைக்காது. தெரியும்.
மணல் ஒரு நொடியில் குடித்துவிட்டது.
காதில் மஞ்சள் வில்லை மட்டும்
நனைந்து பளிச்சென்றது.

குரியன் ஹாரன் அடித்தார்.
இன்னும் ஒரு வில்லா பாக்கி.